முனை இடம் யாருக்கு?

காடு முடிந்து வயல் தொடங்குகிற இடத்தில் ஓர் ஏரி இருந்தது. ஒரு கரையில் காடு. அங்கே நரிகள் இருந்தன. மறு கரையில் வயல். அங்கே மனிதர்கள் இருந்தார்கள். ஏரிக்கு நடுவில் நீளமாக ஒரு மண்திட்டு. சுற்றிலும் தண்ணீர் கிடந்ததால் அந்தத் திட்டுக்கு நரியும் வராது, மனிதனும் வரமாட்டான்.

சுற்றிலும் தண்ணீர் கிடந்ததால் என்றேன், கவனித்தீர்களா பிள்ளைகளே? அதை நீங்களாவது நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இந்தக் கதையில் வரும் வாத்துகள் மறந்துவிட்டன.

ஐப்பசி பிறந்ததும் பனிமலைக்கு அப்பாலிருந்து காட்டு வாத்துகள் அந்தத் திட்டில் வந்து இறங்கும். வெள்ளைத் தலையில் இரண்டு கறுப்பு வரி ஓடும் சாம்பல் நிற வாத்துகள். மாசி முடியும்வரை கோரைக்கிழங்கைத் தோண்டித் தின்னும். பங்குனி வெயில் ஏறத் தொடங்கியதும் மறுபடி வடக்கே பறந்துவிடும். கனத்த பறவைகள் அவை. நின்ற இடத்திலிருந்து குருவியைப் போல விருட்டென்று கிளம்ப முடியாது. தண்ணீரின் மேல் இருபது எட்டு எடுத்து வைத்துத் தடதடவென்று ஓடினால்தான் உடம்பு மேலே எழும்பும்.

வாத்துகள் வானத்தில் வரிசை கட்டிப் பறப்பதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அந்த வரிசையின் நுனிக்கு முனை என்று பெயர். முனையில் பறக்கும் வாத்துதான் வழி பார்க்கும், எதிர்க்காற்றைத் தாங்கும். வரிசையின் கடைசிக்கு வால் என்று பெயர். போகிற வழியில், பனிமலையில், குறுகலான ஒரு கணவாய் உண்டு. அங்கே பாறைகளின் மேல் கழுகுகள் காத்திருக்கும். கழுகு முனையைத் தொடாது. நடுவையும் தொடாது. வாலில் வருவதைத்தான் அடித்துக்கொண்டு போகும்.

ஆகவே வரிசையில் எத்தனையாவது இடம் என்பது வாத்துகளுக்கு வெறும் மரியாதைப் பேச்சு இல்லை. உயிர் விஷயம். அதற்காக அவை சண்டை போட்டதை நான் குறை சொல்லமாட்டேன். சண்டை போட்ட லட்சணத்தைத்தான் சொல்லப்போகிறேன்.

அந்தத் திட்டில் இரண்டு கூட்டங்கள் இருந்தன. ஆலமரத்தைப் பார்த்த பக்கம் இருந்தது ஆலங்கரைக் கூட்டம். அதன் தலைவர் பெருஞ்சிறகன். தலைநிமிர்வு என்றால் அப்படி ஒரு தலைநிமிர்வு. குனிந்து கிழங்கு தின்பதற்குக்கூட யோசிக்கும். நாணல் புதரைப் பார்த்த பக்கம் இருந்தது நாணல்கரைக் கூட்டம். அதன் தலைவி கூர்மூக்கி. அதன் அலகு கூர்மை. நாக்கு அதைவிடக் கூர்மை.

இத்தனை காலமாக இரண்டு கூட்டமும் தனித்தனியாகத்தான் பறந்தன. ஆனால் இந்த முறை வரும்போது கணவாயில் இரண்டுக்கும் பலத்த அடி. ஆலங்கரையில் ஏழு வாத்துகள் போயின. நாணல்கரையில் ஒன்பது போயின. கூட்டம் சிறுத்தால் கழுகுக்குத் தைரியம் வந்துவிடும் என்று இரண்டு தலைவர்களுக்கும் புரிந்தது.

"இனி நாம் ஒரே கூட்டம்" என்றது பெருஞ்சிறகன்.

"ஒரே கூட்டம்" என்றது கூர்மூக்கி.

ஆலங்கரையில் இருபத்திரண்டு. நாணல்கரையில் இருபது. ஆக நாற்பத்திரண்டு வாத்துகள். அன்றைக்கு இரண்டு பக்கமும் கழுத்தோடு கழுத்து உரசிக்கொண்டு ஒன்றாகக் கிழங்கு தின்றன. பார்க்கவே நன்றாக இருந்தது.

மாசி கடைசியில் கிளம்பும் பேச்சு வந்தது. அப்போதுதான் ஒரு சின்ன வாத்து கேட்டது: "வரிசையில் யார் யாருக்குப் பின்னால்?"

அவ்வளவுதான். அந்த உரசலும் உறவும் அங்கேயே முடிந்தது.

"இதிலென்ன கேள்வி?" என்றது பெருஞ்சிறகன். "கூட்டத்தில் யார் அதிக ஆண்டுகள் இருந்தார்களோ அவர்கள் முன்னால். எங்கள் பக்கம் பதினெட்டு ஆண்டு, பதினாறு ஆண்டு என்று பழுத்தவர்கள் இருக்கிறார்கள். உங்கள் கூட்டம் உண்டாகியே எட்டு ஆண்டுதானே ஆகிறது?"

நாணல்கரை வாத்துகளுக்குப் பகீரென்றது. அந்தக் கணக்குப்படி அவை இருபதும் மொத்தமாக வாலுக்குப் போய்விடும்.

"அடேயப்பா!" என்றது கூர்மூக்கி. "பதினெட்டு ஆண்டு பறந்தார்களாம். யார் முதுகுக்குப் பின்னால் பறந்தார்கள்? உங்கள் முதுகுக்குப் பின்னால்! முனையில் நீங்கள் ஒருவரே நின்றீர்கள். மற்றவர்கள் கண்ணை மூடிக்கொண்டு பின்னால் வந்தார்கள். எங்கள் கூட்டத்தில் முனையில் முறை வைத்துப் பறப்போம். ஐந்து வயதுக்காரிகூட முப்பது தடவை எதிர்க்காற்றைத் தாங்கியிருக்கிறாள். முனையில் யார் அதிகம் நின்றார்களோ அவர்கள் முன்னால்!"

இப்போது ஆலங்கரை வாத்துகளுக்குப் பகீரென்றது. அந்தக் கணக்குப்படி பெருஞ்சிறகனைத் தவிர அவை அத்தனையும் வாலுக்குப் போய்விடும்.

இரண்டு பேச்சிலும் நியாயம் இருந்தது. அதுதான் வினை. அநியாயம் பேசுகிறவர்களைச் சமாதானம் செய்துவிடலாம். ஆளுக்கொரு நியாயத்தை வைத்துக்கொண்டு நிற்கிறவர்களை என்ன செய்வது? இரண்டு பக்கமும் ஒற்றைக்காலில் நின்றன. வாத்துகளுக்கு அது பழக்கம்தான்.

அந்த நாற்பத்திரண்டில் சாம்பலி என்று ஒரு வாத்து இருந்தது. நாணல்கரைக் கூட்டத்தைச் சேர்ந்தது. சரியான பயந்தாங்கொள்ளி. தும்பி பறந்தாலும் திடுக்கிடும். அது நாணல்கரைக் கூட்டத்தில் சேர்ந்து இரண்டே ஆண்டுதான் ஆகிறது. முனையில் நின்றதோ ஒரே ஒரு தடவை, அதுவும் பாதி வழியில் பயந்துபோய்ப் பின்னால் வந்துவிட்டதால் அது கணக்கில் சேராது. ஆக, பெருஞ்சிறகன் சொன்ன கணக்கிலும் அதுதான் கடைசி. கூர்மூக்கி சொன்ன கணக்கிலும், முனையில் நிற்காதவர்களிலேயே புதியது என்பதால், அதுதான் கடைசி.

கடைசி என்றால் என்ன என்று சாம்பலிக்கு நன்றாகவே தெரியும். சென்ற தடவை வாலில் பறந்தது அதன் துணை. கணவாயில் பின்னாலிருந்து ஒரே ஒரு சத்தம் கேட்டது. சாம்பலி திரும்பிப் பார்த்தபோது பின்னால் வானம் மட்டும்தான் இருந்தது.

அதனால், உண்மையைச் சொல்லவேண்டும், சண்டை நடப்பதில் சாம்பலிக்கு உள்ளூர ஒரு நிம்மதி. சண்டை நீள நீளப் பயணம் தள்ளிப்போகும். பயணம் தள்ளிப்போனால் வாலில் பறக்கவேண்டியதில்லை. இப்படி நினைத்ததற்காக அதற்கு வெட்கமாகவும் இருந்தது. ஆனாலும் நினைத்தது.

வாத்துகளிடம் ஒரு வழக்கம் உண்டு. கிளம்பும்போது ஒரு வாத்து சிறகை மூன்று தடவை படபடவென்று தட்டும். உடனே கூட்டம் முழுக்க எழும்பும். யார் தட்டியதோ அதற்குத்தான் முனை. மற்றவை அதன் பின்னால் வரிசை பிடிக்கும். யாருடைய தட்டுக்கு எழும்புகிறோமோ அவரை முதலாக ஒப்புக்கொண்டோம் என்று பொருள்.

"யாராவது திருட்டுத்தனமாகத் தட்டிவிட்டால்?" என்று கேட்டது கூர்மூக்கி.

"தட்டினால் என் ஆட்கள் எழும்பமாட்டார்கள்" என்றது பெருஞ்சிறகன்.

"எங்கள் ஆட்கள் மட்டும் எழும்பிவிடுவார்களா?"

"அப்படியானால் சத்தியம் செய்யுங்கள். வரிசை முடிவாகும்வரை யாரும் தட்டக் கூடாது. தட்டினாலும் யாரும் எழும்பக் கூடாது."

நாற்பத்திரண்டும் தண்ணீரில் அலகை நனைத்துச் சத்தியம் செய்தன. கடைசியாகச் சாம்பலியும் நனைத்தது. அப்போது அதன் அலகுக்குத் தண்ணீர் எட்டவில்லை. இன்னும் ஓர் எட்டு முன்னால் போய்த்தான் நனைக்க முடிந்தது. நேற்று இங்கேதானே தண்ணீர் இருந்தது என்று அது நினைத்தது.

நினைத்துக்கொண்டு காட்டுப் பக்கம் பார்த்தது. கரையில் ஒரு நரி உட்கார்ந்திருந்தது.

நரி ஒன்றும் செய்யவில்லை. ஊளையிடவில்லை. இங்குமங்கும் ஓடவில்லை. முன்கால்களைச் சேர்த்து வைத்துக்கொண்டு திட்டையே பார்த்துக்கொண்டிருந்தது.

மறுநாள் நான்கு நரிகள் இருந்தன. அவையும் சும்மாதான் உட்கார்ந்திருந்தன. ஆனால் நேற்று உட்கார்ந்த இடத்தில் உட்காரவில்லை. நேற்று தண்ணீருக்குள் நின்ற ஒரு கருவேல மரம் இன்றைக்குச் சேற்றில் நின்றது. நரிகள் அந்த மரத்தடிக்கு வந்துவிட்டிருந்தன.

சாம்பலி கூர்மூக்கியிடம் ஓடியது.

"அக்கா, நரிகள் நகர்ந்து வருகின்றன."

"நரி நகராமல் பிறகு என்ன, வேர் விட்டு நிற்குமா?"

"அப்படி இல்லை, அக்கா. தண்ணீர் வற்றுகிறது. தண்ணீர் எவ்வளவு பின்னால் போகிறதோ, அவை அவ்வளவு முன்னால் வருகின்றன."

"உனக்கு எதைப் பார்த்தாலும் பயம். நான் இங்கே உனக்காகத்தானே தொண்டை கிழியப் பேசிக்கொண்டிருக்கிறேன்? போ, போய்க் கிழங்கு தின்னு."

கிழங்குக்கு என்ன குறை! தண்ணீர் வற்ற வற்றச் சேற்றிலிருந்து கோரைக்கிழங்கு தானாக வெளியே வந்தது. வாத்துகள் ஒரு பக்கம் சண்டை போட்டன. ஒரு பக்கம் தின்றன. சண்டை போட்டதில் பசி, பசித்ததில் தீனி. ஒவ்வொரு வாத்தும் பூசணிக்காய் மாதிரி உருண்டுவிட்டது. முன்பு இருபது எட்டு ஓடினால் எழும்பிய உடம்புக்கு இப்போது முப்பது எட்டு வேண்டும்.

ஐந்தாம் நாள் நரிகள் ஒன்பது ஆயின.

அன்றைக்கு ஏரியிலிருந்த ஆமையைக் கூப்பிட்டு இரண்டு பக்கமும் நியாயம் கேட்டன. ஆமை பறக்காது, யார் பக்கமும் சேராது, யாருக்கும் அவசரப்பட்டுத் தலையாட்டாது. அதனால் நடுவர் வேலைக்குச் சரியான ஆள் என்று எண்ணின. ஆமை இரண்டு பக்கத்துப் பேச்சையும் மூன்று நாள் கேட்டது. ஒரு வார்த்தையும் குறுக்கே பேசவில்லை. மூன்றாம் நாள் மாலை தலையை வெளியே நீட்டியது.

"இரண்டு பேர் சொல்வதும் சரி. ஆகவே ஆலங்கரையில் ஒருவர், நாணல்கரையில் ஒருவர் என்று மாற்றி மாற்றி வரிசை வையுங்கள். முதல் நாள் முனையில் பெருஞ்சிறகன் போகட்டும். மறுநாள் கூர்மூக்கி போகட்டும். வாலில் யாரும் தொடர்ந்து இருக்கவேண்டாம். கணவாயைத் தாண்டும்வரை நாழிகைக்கு ஒருவராக மாறிக்கொள்ளுங்கள். நாளைக் காலையிலேயே கிளம்பிவிடுங்கள்."

இதைவிட நல்ல தீர்ப்பு எந்த ஊரில் கிடைக்கும்? சாம்பலிக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. நாழிகைக்கு ஒருவர் என்றால், வாலில் தனக்கு ஒரே ஒரு நாழிகைதான். பயத்தை விழுங்கிக்கொண்டு ஒரு நாழிகையைக் கடந்துவிடலாம்.

ஆனால் கூர்மூக்கி கேட்டது: "முதல் நாள் அவர், மறுநாள் நானா? ஏன், முதல் நாள் நான் போனால் வானம் இடிந்து விழுமா?"

பெருஞ்சிறகன் கேட்டது: "மறுநாள் நான் அவளுக்குப் பின்னால் பறக்கவேண்டுமா? இருபது ஆண்டு முனையில் நின்ற நானா? அதுவும் நாழிகைக்கு ஒருவர் என்றால், என் முறை வரும்போது நான் வாலிலா?"

"ஆமைக்குப் பறப்பதைப் பற்றி என்ன தெரியும்?" என்றது இன்னொன்று.

அந்த ஒரு கேள்வியில் மட்டும் இரண்டு பக்கமும் ஒற்றுமையாகச் சிரித்தன.

ஆமைக்குக் கோபம் வரவில்லை. காட்டுப் பக்கம் ஒரு தடவை பார்த்தது. பிறகு திரும்பி வயல் பக்கம் நடக்கத் தொடங்கியது.

சாம்பலி பின்னாலேயே ஓடியது. "எங்கே போகிறீர்கள்?"

"வயலில் ஒரு கிணறு இருக்கிறது. அங்கே போகிறேன்."

"இந்த ஏரி உங்களுக்கு வேண்டாமா?"

"எந்த ஏரி?" என்றது ஆமை. நடந்தபடியே சொன்னது. அது நடந்த வழியில் தண்ணீரே இல்லை, எல்லாம் சேறு. சாம்பலி அப்போதுதான் அதைக் கவனித்தது.

"நான் என்ன செய்வது?" என்று கேட்டது.

"கிழக்குப் பக்கம் மட்டும் ஓர் ஓடை அளவு தண்ணீர் மிச்சம் இருக்கிறது. ஒரு வாத்து ஓடி எழும்பலாம். இன்னொன்று பக்கத்தில் ஓடலாம். மூன்றாவதற்கு இடமில்லை. அதுவும் இரண்டு நாளைக்குத்தான்" என்று சொல்லிவிட்டு ஆமை போய்விட்டது.

மறுநாள் சாம்பலி பெருஞ்சிறகனிடமே போனது. அதுவரை அது பெருஞ்சிறகனிடம் நேருக்கு நேர் பேசியதே இல்லை.

"பெரியவரே, தண்ணீர்... கிழக்கே மட்டும்தான்... நரிகள்..."

பெருஞ்சிறகன் கழுத்தை உயர்த்தியது. "நீ யார்? உன் இடம் எத்தனையாவது?"

"இன்னும் இடம் முடிவாகவில்லையே?"

"முடிவாகட்டும். முடிவானதும் உன் இடத்துக்குரிய முறையில் வந்து பேசு."

"அதற்குள் நரிகள் வந்துவிட்டால்?"

"நரி இந்தத் திட்டுக்கு எந்தக் காலத்தில் வந்திருக்கிறது? என் இருபது ஆண்டில் ஒரு தடவைகூட வந்ததில்லை."

சாம்பலி கிழக்கு ஓரத்தில் போய் உட்கார்ந்தது. தனியாகப் பறந்து போய்விடலாமா என்றும் நினைத்தது. தனியாகப் போனால் கணவாய் வரை போவதே கஷ்டம். இங்கேயே இருந்தால் நரி. கூட்டத்தோடு போனால் வால். எந்தப் பக்கம் திரும்பினாலும் பயம்தான் நின்றது. அது அப்படியே உட்கார்ந்து நரிகளை எண்ணியது. பதினாறு இருந்தன.

அதற்கு அடுத்த நாள் காலை. வெயில் நன்றாக ஏறிவிட்டது. திட்டின் நடுவில் வாத்துகள் எல்லாம் கூடியிருந்தன. ஆமையின் தீர்ப்பு செல்லாது என்று அறிவிக்க வேண்டும். அதை யார் முதலில் அறிவிப்பது என்று சண்டை. சிரிக்காதீர்கள் பிள்ளைகளே, நிஜமாகவே அதற்குத்தான் சண்டை. சத்தம் காதைப் பிளந்தது.

சாம்பலி மட்டும் நரிகளையே பார்த்துக்கொண்டிருந்தது. இத்தனை நாளும் ஒரு நரி எழுந்தால் ஒரு நரி படுக்கும், ஒன்று கொட்டாவி விடும், ஒன்று சொறிந்துகொள்ளும். அன்றைக்குப் பதினாறும் ஒரே சமயத்தில் எழுந்து நின்றன.

எழுந்து நின்றவை நடக்கத் தொடங்கின. ஓடவில்லை, நடந்தன. அவசரமே இல்லை. முதல் நரி சேற்றில் காலை வைத்துப் பார்த்தது. சேறு காய்ந்து கட்டிப்பட்டிருந்தது. கால் புதையவில்லை. அடுத்த காலை வைத்தது.

சாம்பலி கத்த வாயைத் திறந்தது, சத்தம் வரவில்லை. வந்திருந்தாலும் அந்தக் கூச்சலில் யார் காதில் விழுந்திருக்கும்? கூட்டத்தை எழுப்ப ஒரே ஒரு வழிதான் உண்டு. தட்டவேண்டும். தட்டினால் சத்தியத்தை மீறியதாகும். தட்டினால் முனையில் தானே பறக்கவேண்டும். வழியும் சரியாகத் தெரியாது. எதிர்க்காற்றில் பாதி வழிகூடத் தாங்கியதில்லை. வாலை நினைத்துப் பயந்தது போலவே அது முனையை நினைத்தும் பயந்தது.

நரிகள் திட்டின் விளிம்புக்கு வந்துவிட்டன.

படபட, படபட, படபட. சாம்பலி மூன்று தடவை தட்டியது.

திட்டில் சட்டென்று அமைதி. நாற்பத்தொரு கழுத்துகளும் திரும்பின. அத்தனை கண்களும் சாம்பலியைப் பார்த்தன. நரிகளை ஒன்றுகூடப் பார்க்கவில்லை.

"யார் தட்டியது?" என்றது கூர்மூக்கி.

"நான்தான், அக்கா. எழும்புங்கள்! நரி! பின்னால் நரி!"

"நீயா? கடைசி இடத்துக்காரி நீயா முனைக்கு ஆசைப்படுகிறாய்?"

"எனக்கு முனை வேண்டாம்! ஒன்றுமே வேண்டாம்! எழும்புங்கள்!"

ஓரத்தில் நின்ற சில வாத்துகள் திரும்பிப் பார்த்தன. நரிகளைக் கண்டன. கிழக்கே தண்ணீரைப் பார்த்து ஓடத் தொடங்கின.

"நில்லுங்கள்!" என்று அதட்டியது பெருஞ்சிறகன். "யாரும் எழும்பக் கூடாது! எழும்பினால் அவள் முதல் என்று ஒப்புக்கொண்டதாகிவிடும்!"

"எழும்பாதீர்கள்!" என்றது கூர்மூக்கியும். "இன்றைக்கு இவளுக்கு எழும்பினால் நாளைக்கு நம் வழக்கே நிற்காது!"

அந்த இரண்டு தலைவர்களும் ஒரே வாயாகப் பேசியது அன்றைக்குத்தான். ஓடிய வாத்துகள் நின்றன. பாவம், இரண்டு தலைவர்களும் சேர்ந்து சொன்னால் அவை வேறு என்ன செய்யும்?

நரிகள் அப்போது ஓடத் தொடங்கின.

"எங்கள் கூட்டத்தின் உரிமை" என்று கூர்மூக்கி ஏதோ சொல்ல ஆரம்பித்தது. அந்தப் பேச்சை அது முடிக்கவில்லை. முதல் நரி அதன் கழுத்தைத்தான் பிடித்தது.

அதற்குப் பிறகு நடந்ததை நான் விவரமாகச் சொல்லப்போவதில்லை. எல்லா வாத்துகளும் ஒரே சமயத்தில் கிழக்கே ஓடின. ஒன்றை ஒன்று மிதித்தன. ஓடையில் இரண்டுக்குத்தான் இடம், இருபது விழுந்தன. தின்று கொழுத்த உடம்பு எழும்பவில்லை. முப்பது எட்டு ஓடவேண்டும். பத்து எட்டிலேயே முன்னால் ஒன்று தடுக்கியது. சேற்றில் சறுக்கியவை சேற்றிலேயே கிடந்தன. நரிகள் ஒன்றைப் பிடித்துக் கீழே போட்டுவிட்டு அடுத்ததைப் பிடித்தன. எது பதினெட்டு ஆண்டுக்காரர், எது முப்பது தடவை முனையில் நின்றவள் என்று அவை விசாரிக்கவில்லை.

சாம்பலி எப்படியோ முதலில் எழும்பிவிட்டது. ஓடை ஓரத்திலேயே இருந்ததால் அதற்கு ஓட இடம் கிடைத்தது. பயத்தில் சரியாகச் சாப்பிடாமல் இருந்ததால் உடம்பும் கனக்கவில்லை. அதன் பின்னால் ஒன்று எழும்பியது. பிறகு இரண்டு. பிறகு ஒன்று. இப்படி ஒன்றிரண்டாகச் சில எழும்பின.

மேலே போனதும் சாம்பலி ஏரியை ஒரு சுற்றுச் சுற்றியது. கூப்பிட்டது. இன்னும் யாராவது வருவார்கள் என்று இன்னொரு சுற்றுச் சுற்றியது. கீழே சாம்பல் நிற இறகுகள் காற்றில் உருண்டுகொண்டிருந்தன. நரிகள் தலையைத் தூக்கிக்கூடப் பார்க்கவில்லை. மூன்றாவது சுற்றுச் சுற்ற அதற்குத் தைரியம் இல்லை. வடக்கே திரும்பியது.

பின்னால் எழும்பியவை பன்னிரண்டு. சாம்பலியோடு பதின்மூன்று. பெரிய கூட்டமாக இருந்தால் கழுகு கிட்டே வராது என்றுதானே இரண்டு கூட்டமும் ஒன்றாகச் சேர்ந்தன? சேர்வதற்கு முன் இரண்டில் எதுவும் இவ்வளவு சிறியதாக இருந்ததில்லை. கணவாய்க்கு இன்னும் பத்து நாள் பறக்கவேண்டும்.

யார் ஆலங்கரை, யார் நாணல்கரை என்று யாரும் பார்க்கவில்லை. எதிர்க்காற்று சாம்பலியின் முகத்தில் அறைந்தது. பின்னால் போய்விடலாம் என்று திரும்பிப் பார்த்தது. பன்னிரண்டும் அதையே பார்த்துக்கொண்டு வந்தன. அதனால் நடுங்கிக்கொண்டே முன்னால் பறந்தது.

வெகுநேரம் கழித்துப் பின்னாலிருந்து ஒரு வாத்து தட்டுத்தடுமாறிப் பக்கத்தில் வந்தது. அதன் வாலில் பாதி இறகு இல்லை. ஒரு காலில் இரத்தம் வடிந்துகொண்டிருந்தது. சாம்பலி யாரோ என்று பார்த்தது. பெருஞ்சிறகன்.

அதன் கழுத்து இப்போது நிமிர்ந்திருக்கவில்லை. கொஞ்ச தூரம் பக்கத்திலேயே பறந்தது. பிறகு, யார் காதிலும் விழாத மாதிரி மெதுவாகக் கேட்டது:

"அம்மா, நான் எந்த இடத்தில் பறக்கட்டும்?"

சாம்பலி பின்னால் நீண்டு கிடந்த வானத்தைப் பார்த்தது.

"எங்கே வேண்டுமானாலும் பறங்கள், பெரியவரே. எல்லா இடமும் காலியாகத்தான் இருக்கிறது."

நீதி: ஆபத்து வருகிறது என்று ஒருவர் எச்சரித்தால், முதலில் உயிரைக் காத்துக்கொள், எச்சரித்தவர் எத்தனையாவது இடத்துக்காரர் என்று கேட்டு நிற்காதே.